கட்டைத் திருப்பித் தருமுன்
(பட்டமளிப்பு விழா உரை)

சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், கைக்கு வந்த மேல்முறையீட்டில் வாதிட ஒன்றுமில்லை என்று கண்டால் விலகிக்கொள்ளலாமா? ஃபீஸ் கொடுத்து அமர்த்திய வக்கீல் விலகினால் கட்சிக்காரர் இன்னொருவரைத் தேடிக்கொள்வார். இலவச சட்ட உதவியை நம்பியிருப்பவருக்கு அந்த வழி கிடையாது. அவரைப் பொறுத்தவரை, தன் வக்கீல் விலகியதே பாதித் தீர்ப்பு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் ஆண்டர்ஸ் எதிர் கலிபோர்னியா வழக்கில் இதற்கு ஒரு முறை வகுத்தது. கஞ்சா வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், மேல்முறையீட்டில் சாரமில்லை என்று கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கியிருந்தார். கடிதம் போதாது என்றது நீதிமன்றம். வழக்குக் கட்டு முழுவதையும் படித்து, கட்சிக்காரருக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது எதுவானாலும் எடுத்துக்காட்டி, அதன் நகலை அவருக்கும் கொடுத்த பிறகே விலக அனுமதி கேட்கலாம். வீண்தானா என்பதை நீதிமன்றமே பதிவுகளைப் பார்த்து முடிவு செய்யும். விலக நினைப்பவரே தன் கருத்துக்கு எதிரான வாதங்களைத் தேடித் தர வேண்டும் என்பது கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடுதான். இந்த ஒரு முறைதான் என்றில்லை, மாநிலங்கள் வேறு வழிகளையும் வகுக்கலாம் என்று 2000இல் அதே நீதிமன்றம் தளர்த்தியது.

இந்தியாவில் வீண் வழக்குகளை வடிகட்டுவது வேறிடத்தில் நடக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் பாராமல் உதவி தருகிறது. இங்கே ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவர் இரண்டு வகையிலும் வரக்கூடும். வழக்கில் முகாந்திரம் உண்டா என்று பார்ப்பது, 13ஆம் பிரிவின்படி, ஆணைக்குழுவின் வேலை. சிறையிலிருந்து வரும் அப்பீல் வீண் என்று தோன்றினால் தொடக்கத்திலேயே தள்ளும் அதிகாரம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 425ஆம் பிரிவில், மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் இருக்கிறது. வக்கீலிடம் அந்த அதிகாரம் இல்லை.

தண்டனைக் கைதிக்கு மேல்முறையீட்டில் இலவச வழக்கறிஞர் என்ற உரிமையை 1978இல் ஹோஸ்காட் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் நிலைநாட்டினார். மனுதாரர், போலிப் பல்கலைக்கழகப் பட்டம் தயாரிக்க முயன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். பட்டமளிப்பு மேடையில் சொல்லக் கூசும் கதைதான். நாலாண்டு தாமதமாக வந்த அவருடைய மனு தள்ளுபடியானது. பின்னால் வந்த கைதிகளுக்கான உரிமை அதிலிருந்துதான் கிடைத்தது.

வீண் என்று தோன்றியிருக்கக்கூடிய அப்பீல் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பூந்தமல்லியில் இருந்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. வாக்குமூலங்கள் இருந்தன, நாடெங்கும் கோபம் இருந்தது; அப்பீல் வீண் வேலை என்று அன்று யாரும் சொல்லியிருக்கலாம். தண்டிக்கப்பட்டவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். 1999 மே 11 அன்று வந்த தீர்ப்பில் தடா குற்றங்கள் நிற்கவில்லை. நால்வருக்கு மரண தண்டனை உறுதியானது, மூவருக்கு ஆயுளாகக் குறைந்தது. மற்ற 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். இது நியமன வழக்கறிஞரின் கதையல்ல. ஆனால் கட்டைத் திறக்குமுன் அப்பீலை எடை போடுவது எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று கிடையாது.

ஏற்ற வழக்கிலிருந்து தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சில் விதி. முன்னறிவிப்பு என்பது இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அவ்வளவு எளிதல்ல. கட்சிக்காரர் ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். சாட்சியங்கள் தமிழில் இருக்கும். அவர் தங்கியிருந்த அறையில் இப்போது வேறு ஆட்கள் இருப்பார்கள். அந்த முகவரிக்குத் தமிழில் போகும் பதிவுத் தபால் பிரிக்கப்படாமலே திரும்பும். அவர் அடைக்கப்பட்டிருக்கும் புழல் சிறைக்கு நேரில் போய், ஒடியா தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, எந்தக் காரணத்தால் விலகுகிறோம், எத்தனை நாளுக்குள் வேறு வழக்கறிஞர் கேட்டு ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு வர அரை நாள் பிடிக்கும்.