கொள்ளைநோய்ச் செலவும் கணக்குத் தணிக்கையும்

(தாணேயில் ஆற்றிய உரை)



1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதன் விளைவாக 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. நல்லெண்ணத்துடன் செயலாற்றுவோர் மீது வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிப்பதில்லை.

மாநில அரசின் வேண்டுகோளின்படி, மும்பை மாநகராட்சியின் சுமார் 12,000 கோடி ரூபாய்ச் செலவைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022-ல் ஆராய முற்பட்டார். கோவிட் தடுப்புக்கான ஏறத்தாழ 3,500 கோடியின் கணக்கு அவருக்குக் கிட்டவில்லை. மாநகராட்சி இச்சட்டத்தையே காரணம் காட்டிற்று.

ஆபத்து வேளையில் ஒப்பந்தப்புள்ளி கோராது மருந்து வாங்க நேரலாம். ஆபத்து நீங்கியபின் கணக்குக் காட்டுதல் வேண்டும். வழக்கிலிருந்து காப்பு வேறு. கணக்குக் காட்டும் கடமை வேறு. தணிக்கை குற்றம் காண மட்டுமன்று. எப்பொருள் எவ்விலைக்கு வாங்கப்பட்டது, எது வீணாயிற்று என்றறிந்தால்தான் அடுத்த கொள்ளைநோயை ஆயத்தத்துடன் எதிர்கொள்ள இயலும்.