நோயாளி குற்றவாளி அல்லன்

(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மொழியுரிமை, காணியுரிமை என்று மேடைதோறும் முழங்கிவரும் நாம் இன்று நோயைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். "அது வைத்தியர்களின் வேலையல்லவா? சட்டத்தரணிகளுக்கு அங்கே என்ன அலுவல்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவனுடைய உடலுக்குள் நோய் புகுந்த பின்னர் அது வைத்தியருடைய விடயமே. ஆனால், அந்நோய் ஊருக்குள் எவ்வாறு புகுந்தது? ஒரு தெருவை அழித்து மறு தெருவை ஏன் விட்டுவைத்தது? உண்டு உடுத்து வாழ்பவனை மூன்று நாள் படுக்கையிற் கிடத்திவிட்டு, பசித்தவனை மட்டும் சுடுகாட்டுக்கு ஏன் அனுப்பியது? இவை அரசியற் கேள்விகள். இவற்றுக்கு விடை காண, சாட்சியங்களை ஆராயும் பழக்கமும் வேண்டும். ஆகவேதான் நாம் இங்கு நிற்கின்றோம்.

லண்டன் தந்த பாடம்

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் லண்டன் மாநகரின் சோகோ பகுதியில் வாந்திபேதி வெடித்தது. சில வாரங்களுள் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்து அறிஞர்களுட் பெரும்பாலோர், அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பியிருந்தனர். ஜோன் சினோ என்ற வைத்தியர் அதனை ஏற்கவில்லை. வீடு வீடாகச் சென்று, இறந்தோர் எங்கே வாழ்ந்தனர், எந்த நீரைக் குடித்தனர் என்று விசாரித்தார். மரணங்கள் புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்ப்பம்பியைச் சுற்றியே குவிந்திருந்தன. அதன் அருகிலிருந்த மதுவடிசாலைத் தொழிலாளரை நோய் தீண்டவில்லை. அவர்கள் அந்த நீரைக் குடிப்பதில்லை. தொலைவில் ஹம்ஸ்ரெட்டில் வாழ்ந்த ஒரு விதவை இறந்தார். அவரோ அந்தப் பம்பியின் நீரை விரும்பி, வருவித்துக் குடித்தவர்.

இதனைச் சட்டத்தில் சந்தர்ப்ப சாட்சியம் என்போம். குற்றவாளியைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். ஆயினும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மற்றதனோடு பொருந்தி நின்றது. செப்டெம்பர் 8ஆம் நாள் பம்பியின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதைச் சினோ அவர்களே மறைக்காது ஒப்புக்கொண்டார். நேர்மையான சாட்சியின் இலக்கணம் அது. எனினும் அன்றைய சுகாதார அதிகாரிகள் அவருடைய முடிபை ஏற்கவில்லை. அந்தக் கிணற்றின் அருகே இடிந்து கசிந்துகொண்டிருந்த ஒரு மலக்குழி பின்னரே கண்டுபிடிக்கப்பட்டது. வாந்திபேதிக் கிருமியை ரொபேட் கொக் கல்கத்தாவில் ஆராய்ந்து நிறுவியது 1884இல். ஆகவே, கிருமியின் பெயர் தெரியாமலே அதன் வழியை அடைக்கலாம். வழியை அடைக்கும் கடமை தனி மனிதனுடையது மட்டுமன்று, நகரசபையினுடையதும் அரசினுடையதுமாகும்.

எண்பதினாயிரம் உயிர்கள்

இனி எம்முடைய நாட்டுக்கு வருவோம். நுளம்பே மலேரியாவைப் பரப்புகின்றது என்பதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ரொஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டார். முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1934இன் பிற்பகுதியில், இலங்கை அதே மலேரியாவுக்கு இரையாயிற்று. ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மாண்டனர். காரணம் தெரிந்திருந்தும் மாண்டனர் என்பதைக் கருத்தில் வையுங்கள்.

அது எவ்வாறு தொடங்கியது? 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. இடைவிடாது பாய்ந்துகொண்டிருந்த மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுக்கையில் குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த அந்தத் தேக்கங்களில் அனோபிலிஸ் நுளம்பு கோடிக்கணக்கிற் பெருகியது. வறண்ட வலயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அக்காய்ச்சலுடன் போராடி ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். கேகாலை, குருநாகல் பகுதி மக்களுக்கு அச்சக்தி இல்லை. அவர்களையே நோய் வாரிக்கொண்டது.

நுளம்பு மட்டுமா கொன்றது? உலகப் பொருளாதார மந்தத்தால் கூலி வேலை குன்றியிருந்தது. வரட்சியால் விளைச்சலும் அழிந்தது. பட்டினியால் மெலிந்திருந்த உடலைக் காய்ச்சல் பற்றியபோது அது தாங்கவில்லை. சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குள் சென்றபோது, குவினைன் மருந்தோடு உணவையும் சுமந்தே சென்றனர். கலாநிதி என். எம். பெரேரா, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோர் அங்கே கண்ட காட்சிகள் அவர்களுடைய அரசியலை உரமாக்கின. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் றுவான்வெல்லை மக்கள் பெரேரா அவர்களைத் தெரிவு செய்தனர். அவர்களுடைய பிற்கால மொழிக்கொள்கை மாற்றத்தோடு எமக்குத் தீராத வழக்கு உண்டு. அதற்காக, அன்று பருப்பும் மருந்தும் சுமந்து சென்ற கால்களை நாம் மறத்தல் ஆகாது.

வெற்றியும் மறதியும்

1946 முதல் வீடுகள்தோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதும் பதினேழு மலேரியா நோயாளிகளே காணப்பட்டனர். பகைவன் ஒழிந்தான் என்று எண்ணினோம். தெளிப்பு நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது! பதினேழு ஐந்து லட்சமாக ஆறு ஆண்டுகள் போதுமாயின.

பின்னர் நுளம்பு டி.டி.டி.க்குப் பழகிக்கொண்டது, மருந்தை மாற்ற வேண்டியதாயிற்று. போர் மூண்ட ஆண்டுகளில் வடக்கும் கிழக்கும் மலேரியாவின் பெரும் பாரத்தைச் சுமந்தன. அந்த நெருப்பினூடேயும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர், இரத்தம் எடுத்தனர், மருந்து கொடுத்தனர். அவர்களுடைய பெயர்களை எந்த நினைவுத் தூணிலும் நாம் காண்பதில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின், 2016 வரை, இந்நாட்டிலேயே தொற்றிய நுளம்புவழி மலேரியா காணப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. உலகமே பாராட்டிய சாதனை இது.

ஆனால் உறங்கலாமா? நகரத்துக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடிய, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் வேறோர் அனோபிலிஸ் இனம் மன்னாரில் கண்டறியப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்தில் கிணறில்லா வளவு ஏது? 1963இன் மறதியை இன்னொரு முறை செய்ய எமக்கு உரிமையில்லை.

அச்சம் சட்டமாகும்போது

இதுவரை நோய் பரவும் வகையைச் சொன்னோம். நோயோடு கூடவே பரவும் இன்னொன்று உண்டு. அதுதான் பழி.

தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட எம் சகோதரர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பலர் வழியிலேயே வீழ்ந்தனர். பின்னர் மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்துவைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்னரே அவர்கள் கடல் கடக்க விடப்பட்டனர். நோய்த்தடுப்புக்காகச் சில நாள் தடுத்து வைத்தலை நாம் குற்றம் என்று கூறவில்லை. ஆனால், அவர்களைத் துருவிப் பார்த்த அதே கண்கள், அவர்கள் போய்ச் சேர்ந்த லயத்து அறைகளையும், அங்கு நல்ல நீரும் மலசலகூடமும் இன்மையையும் ஏன் அவ்வளவு துருவிப் பார்க்கவில்லை? தொழிலாளியின் உடல் ஐயத்துக்குரியதாயிற்று. முதலாளியின் கட்டடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று!

அது பழங்கதை என்பீர்களா? 2020 ஏப்ரலில், கொவிட் நோயால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று இந்நாட்டு அரசு வர்த்தமானி மூலம் விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. நிலத்தடி நீரால் தொற்று பரவும் என்று இங்கே காரணம் கூறினர். சாட்சியம் எங்கே? ஒன்றுமில்லை. எம்மோடு ஒரே மொழி பேசும் முஸ்லிம் சகோதரர்களின் பெற்றோரும், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளங் குழந்தையும் நெருப்பிலிடப்பட்டனர். நீதி கேட்டு உச்ச நீதிமன்றத்தின் படியேறிய மனுக்கள், அதே ஆண்டு டிசம்பரில், மேற்கொண்டு விசாரிக்கப்படாமலே தள்ளப்பட்டன. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடலுக்கு மன்னிப்பு எதற்கு உதவும்?

சட்டத்தைக் கற்றவர்கள் என்ற முறையில் நாம் தலைகுனிகின்றோம். சினோ என்ற தனி மனிதர், கிருமியைக் காணாமலே, சாட்சியம் தேடித் தெருத்தெருவாக அலைந்தார். ஓர் அரசு, எல்லாக் கருவிகளையும் கையில் வைத்துக்கொண்டு, சாட்சியமின்றியே தீர்ப்பெழுதியது.

நம் கடமை

எமது வாசலிலும் நோய் தட்டியது. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின், யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று முதலில் அஞ்சப்பட்டது எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர் கால்வெடிப்பினூடே உடலுட் புகும். சேற்றில் இறங்காமல் உழவன் எவ்வாறு வாழ்வான்? அவனுக்கு உரிய காலத்தில் தடுப்பு மாத்திரை கிடைக்கவேண்டும். நீர் வடிந்தோட வாய்க்கால் வேண்டும். காய்ச்சல் கண்ட அன்றே ஓட அருகில் வைத்தியசாலை வேண்டும். இவற்றைக் கேட்பது பிச்சையன்று, உரிமை.

ஆகவே, நண்பர்களே, மூன்று கடமைகளைச் சொல்லி அமர்கின்றோம். ஒன்று, உங்கள் கிணற்றையும் வளவையும் நீங்களே காவல் செய்யுங்கள். அதற்கு எந்த அரசையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. இரண்டு, பிரதேச சபையிடமும் மாகாண அரசிடமும் மத்திய அரசிடமும், வாக்குக் கேட்டு வருவோரிடமும், வடிகாலுக்கும் வைத்தியருக்கும் கணக்குக் கேளுங்கள், எம்மிடமும் கேளுங்கள். மூன்று, அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில், "இந்தச் சாதியார் கொண்டுவந்தனர், அந்த மதத்தார் பரப்பினர்" என்று எவராவது உங்கள் காதில் ஓதினால், "சாட்சியம் எங்கே?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் எம் கட்சிக்காரராய் இருப்பினும் கேளுங்கள்.

நுளம்புக்குச் சாதியில்லை, கிருமிக்கு மதமில்லை. நோயுற்றவன் குற்றவாளி அல்லன். அவன் எமது ஊரின் குறைகளை முதலில் உணர்ந்து, எமக்கு அறிவிக்கும் சாட்சி. அந்தச் சாட்சியின் குரலுக்குச் செவிசாய்ப்போமாக.