தடை யாருக்கு?



1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல் நூல்களுக்குத் தடை விதித்தது. சென்னை மாகாண அரசும் அதனைப் பின்பற்றிப் படிகளைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதாடினார். பாரதியோ 1921ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். மறைந்த கவிஞரை எந்தச் சட்டம் என்ன செய்துவிட முடியும்? பறிபோனது படிப்பவர் நூல்.

பாட்டு எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ஏடு போனாலும் நாவில் நிற்கும். கவிஞர்களுக்கு அதில் சற்றுப் பெருமையும் உண்டு! உரைநடைக்கு அந்த அடைக்கலம் இல்லை. அவருடைய ‘ஆறில் ஒரு பங்கு’ 1911இல் தடை செய்யப்பட்டது. நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினரைத் தீண்டத்தகாதவரென ஒதுக்கிய கொடுமையைப் பேசும் சிறுகதை அது. கதையை யார் மனப்பாடம் செய்து தெருவில் பாடுவார்? படி எட்டாத ஊரில் அந்தக் கதை இல்லை. அது எழுப்பிய கேள்வியும் இல்லை. அக்கேள்வியை அன்றே எதிர்கொண்டிருக்க வேண்டிய வீடுகள் எத்தனை!

அடுத்த திங்கள் கூட்டத்தில், கவியரங்கத்திற்கு முன்பாக, அக்கதையை முழுவதும் வாய்விட்டுப் படிக்க வேண்டுமென்று வட்டத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.