இருக்கும் நீரைப் பூவுக்கும் காய்க்கும் வையுங்கள்

இந்தச் சிறுபோகத்தில் சோயா அவரை விதைக்க எண்ணியிருக்கிறீர்கள். குளத்திலும் கிணற்றிலும் நீர் குறைவு. அதை எப்போது பாய்ச்சுவது என்பதைப் பார்ப்போம்.

சோயா விதை முளைக்கத் தன் எடையில் பாதியளவு நீரையாவது உறிஞ்ச வேண்டும். ஆகவே ஈர மண்ணில் மட்டும் விதையுங்கள். முளைத்த பின், பூக்கும் வரை சிறு வாட்டத்தைச் செடி தாங்கும். நீர் கிடைத்ததும் தேறிவிடும்.

பூக்கும்போது மண் காய்ந்தால் பூவும் பிஞ்சும் கொட்டும். காயில் விதை பருக்கும்போது காய்ந்தால் விதை சிறுத்துவிடும். பிறகு பாய்ச்சினாலும் அந்த இழப்பு மீளாது. வேர்முடிச்சுகளும் வறட்சியில் சரிவர வேலை செய்யா, செடி வெளிறும்.

நண்பகலில் வாடிய இலை மாலையிலும் நிமிராவிட்டால் காத்திராமல் பாய்ச்சுங்கள். ஆனால் நீர் தேங்க விடாதீர்கள். வரிசைகளுக்கிடையே வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும்.

குளத்து நீர் எந்த நாள் வரை திறக்கப்படும் என்று விதைப்புக்கு முன்பே கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். இரண்டு ஏக்கருக்கு விதை கையில் இருந்தாலும், காய் முற்றும் வரை நீர் ஒரு ஏக்கருக்கே போதுமென்றால், ஒரு ஏக்கரை மட்டும் விதையுங்கள். இரண்டையும் விதைத்துக் கடைசி நீர் கிடைக்காவிட்டால், விதையும் உழைப்பும் சேர்ந்தே போய்விடும்.