உயிரைக் காப்பது கருவியா, கழுவிய கையா?



தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரைக் காப்பது கருவியே என்று எதிரணியினர் அடித்துப் பேசினார்கள். சுவாசக் கருவியின் அருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் குழாய் தொண்டைக்குள் இறங்கும்போது கிருமிக்கும் சேர்த்தல்லவா வழி திறக்கிறது? கழுத்து இரத்தக்குழாயில் ஒரு குழாய், சிறுநீர்ப்பையில் இன்னொரு குழாய். இத்தனை வாசல்களுக்கும் காவல் யார்? அவற்றைத் தொடும் கைதான்!

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். மருத்துவமனையில் சேரும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே புதிய தொற்று ஏற்படுகிறது. அப்படித் தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். நோய் தீர்க்கப் போன இடத்தில் நோயை வாங்குவது எவ்வளவு பெரிய கொடுமை!

ஜொகூர் மக்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2003-இல் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் சார்ஸ் 238 பேரைத் தாக்கியது. 33 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் மருத்துவமனை ஊழியர்கள். 2020 ஜனவரியில் மலேசியாவின் முதல் கோவிட் நோயாளிகள் கண்டறியப்பட்டதும் இதே ஜொகூர் பாருவில்தான்.

சரி, பயிற்சியால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் செய்து காட்டினார். கை கழுவு, நோயாளியை முழுவதும் மூடு, தோலைக் கிருமிநாசினியால் துடை, தொடை வழியே குழாய் செருகாதே, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடு. இந்த ஐந்தே விதிகள்! நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரத்தக்குழாய்த் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. புதுக் கருவி எதுவும் வாங்கியா இது நடந்தது?

இதில் ஒரு ரகசியம் உண்டு. விதி மீறப்பட்டால், மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் உரிமை தாதிக்குத் தரப்பட்டது. படம் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது மட்டும் பயிற்சியாகாது. "டாக்டர், கை கழுவவில்லையே" என்று இளம் தாதி அச்சமின்றிச் சொல்லப் பழக்குவதே பயிற்சி. கட்டிலின் கம்பியைத் துடைக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதில் இடம் வேண்டும். கையுறை போட்டுவிட்டால் கழுவ வேண்டியதில்லை என்ற நினைப்பும் போக வேண்டும்.

ஊழியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கிருமிநாசினி தடவிக் கையைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி போதும். ஆனால் ஒரே தாதி பல கட்டில்களுக்கு ஓடினால் அந்த விநாடிக்கும் பஞ்சம்தான். போதிய ஆள் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

உறவினரைப் பார்க்கப் போகும் பொதுமக்களே, பாசத்தோடு நெற்றியைத் தடவும் முன் நீங்களும் கை கழுவுங்கள்.

நடுவர் அவர்களே, நோயாளியைக் கைகழுவி விடக்கூடாது என்றால், அவரைத் தொடும் முன் கை கழுவித்தான் ஆக வேண்டும். நல்ல தீர்ப்பு வழங்குங்கள்.