வீட்டுச் சுவருக்கு வந்த கலை



1917இல் மார்செல் துஷாம்ப், கடையில் வாங்கிய சிறுநீர்க் கலமொன்றுக்கு ‘நீரூற்று’ எனப் பெயரிட்டு, நியூயார்க் கலைக் கண்காட்சிக்கு அனுப்பினார். கண்காட்சியார் அதனை வைக்க மறுத்தனர். எனினும், அன்றாடப் பொருளும் கலையாகலாம் என்னும் அவர் வாதம் நிலைபெற்றது. மரபை மறுத்து வாழ்வை நாடிய வழி அது.

நம் கரிசல் மண்ணில் வேறொரு வழி கண்டவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). நாடகத் திரைச்சீலைகள் தீட்டிய அவர் மரபை உதறவில்லை. கருவறைத் தெய்வங்களை நாட்காட்டித் தாளுக்கு அழைத்து வந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை ஆயிரமாயிரமாய்ப் பெருக்கின. ஆண்டு முடிந்த பின்னும் அப்படங்களை எறிய மனமின்றிச் சட்டமிட்டு வணங்கினர் எளிய மக்கள்.

இவ்வெம்பக்கோட்டை மண்ணும் அதையே சொல்கிறது. 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும், சுடுமண் உருவங்களும், ஆட்டக்காய்களும் கிடைத்தன. அணிந்தும் ஆடியும் மக்கள் புழங்கிய கலை அது.

நண்பர்களே, நாம் யாப்பை உடைத்தோம். உடைப்பது எளிது, உடைத்தபின் எவ்வீட்டுக்குச் சென்றோம்? பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் ஒரு தாய், நம் கவிதையில் ஓரடியையேனும் தன் வீட்டுச் சுவரில் ஒட்டிவைப்பாளா? பத்தாண்டு கண்ட நம் வட்டம் இனி விடை தேடவேண்டிய வினா இதுவே.