தொழிற்கூடமும் மன நலமும்: நம் பட்டதாரிகளுக்கு ஒரு பணி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். அப்பெருமையை அறியாதவர் இவ்வவையில் ஒருவரும் இலர். ஆதலின் அதனை விடுத்து, நம் பட்டதாரிகள் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு பணியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். தொண்டு நிறுவனம் ஒன்றில் உதவித்தொகை பெற்று, தொழிலாளரின் மன நலத்தை ஆராயும் பணியே அது.

பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் சிப்காட் வளாகங்கள் அமைந்த பின்னர், பிறர் வயலில் நாற்று நட்டவரின் பேரப்பிள்ளைகள் அடையாள அட்டை அணிந்து ஷிப்டுக்குச் செல்கின்றனர். இம்மாற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மாதச் சம்பளம் வீட்டுக்கு வருவது எத்தகைய விடுதலை என்பதைக் கூலி நெல்லுக்குக் காத்து நின்ற தலைமுறை அறியும். ஆயினும் ஒரு வாரம் பகலும் ஒரு வாரம் இரவுமாக உறக்கம் மாறுவதும், நின்ற இடத்திலேயே நின்று ஒரே வேலையை நாள் முழுதும் செய்வதும், ஒப்பந்தம் என்று முடியுமோ என்னும் அச்சமும் உடலோடு நின்றுவிடுபவை அல்ல.

2021 டிசம்பரில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். சுங்குவார்சத்திரத்தில் இயங்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சானதால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி பரவவே, ஏனைய பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அச்செய்தி உண்மையன்று. ஆனால் அதனை அத்தனை பேர் உடனே நம்பினார்கள் என்றால், அவர்களுடைய மனம் அதற்கு முன்பே எந்நிலையில் இருந்திருக்க வேண்டும்? நெருக்கடியான அறைகளில் தரையில் படுத்து உறங்கிய செய்தியெல்லாம் பின்னரே வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்லதே. படுக்கைகளை எண்ணிவிட்டோம், படுத்தவர் உறங்கினாரா என்பதை இனித்தான் கேட்க வேண்டும்.

சட்டம் இதனைக் கேட்டதா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டம், வெளிச்சம், தூசி, வெப்பம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசியது. அதன் அட்டவணையில் ஈய நஞ்சு முதலாக 29 தொழில் நோய்கள் இடம்பெற்றன. மன நோய் ஒன்றேனும் அதில் இல்லை. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்தின் நோய்ப் பட்டியலும் பெரும்பாலும் பழைய பட்டியலே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போ 2010-ஆம் ஆண்டிலேயே மனக் கோளாறுகளைத் தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியலில் இல்லாத நோய்க்குக் கணக்கில்லை. கணக்கில்லாத நோயைப் பற்றி எந்த அதிகாரியும் வினவுவதில்லை. ஆராய்ச்சி வேண்டப்படுவது இங்கேதான்.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் கராசெக் 1979-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். வேலைப்பளு மட்டுமே மனத்தை வாட்டுவதில்லை. பளு மிகுந்தும், அவ்வேலையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை தொழிலாளிக்குக் குறைந்தும் இருக்கும்போதே மனம் பெரிதும் நலிகிறது என்றார் அவர். கழிப்பறைக்குச் செல்லவும் ஒருவரிடம் அனுமதி கேட்டு நிற்கும் பெண்ணுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், தொழிலாளிக்கு அறிவுரை கூறுவதோடு நில்லாமல் வேலையின் அமைப்பையே திருத்துமாறு பரிந்துரைக்கின்றன. ஆண்டிற்கு ஒருநாள் யோகப் பயிற்சி நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் இதனைப் படித்தால் நன்று.

இனி, பணியைப் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை முனைவர் பட்டத்திற்கானது. தேசியத் தகுதித் தேர்வை எழுதிப் பெறுவது. தொண்டு நிறுவன உதவித்தொகை வேறு வகை. பெரும்பாலும் ஓராண்டோ ஈராண்டோ நீடிக்கும் ஒப்பந்தமே. சமூகப்பணி, உளவியல், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலை படித்தோரை விரும்பி ஏற்பர். களம் சென்று தொழிலாளரைக் கண்டு பேசுதல், பேசியதை எழுதுதல், கணக்கிடுதல், அறிக்கை தருதல் ஆகியவை வேலை. நம் மாநிலத்தில் மன நலத் துறைக்குத் தொண்டு நிறுவனங்கள் புதியவை அல்ல. கீழ்ப்பாக்கம் மன நல மருத்துவமனையின் தலைவராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பின் 1984-இல் ‘ஸ்கார்ப்’ நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தற்கொலைத் தடுப்புக்கென 1986-இல் ‘சிநேகா’வும், வீடற்ற மன நோயாளிகளுக்கென 1993-இல் ‘பேனியன்’ நிறுவனமும் தோன்றின.

நம் பிள்ளைகள் ஏன் இதற்குச் செல்ல வேண்டும்? மனச்சோர்வை அளக்க உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாக்கள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. கடந்த இரு வாரங்களில் நாட்டமின்மை, உறக்கமின்மை முதலியன இருந்தனவா என்று அது கேட்கும். நம் பெண்களோ ‘தலை பாரமா இருக்கு’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘மனசே சரியில்ல’ என்பார்கள். இவற்றுள் எது அலுப்பு, எது நோய் என்பதை இத்தெருக்களில் வளர்ந்தவர் கேட்கும் விதமே வேறு. மேலும், ‘எந்த ஊர்? ஊரா, காலனியா?’ என்று மேற்பார்வையாளர் கேட்ட நாள்முதல் ஒருத்தி உணவுக்கூடத்தில் தனியே உண்கிறாள் என்றால், அதனை எழுத அந்த ஒன்பது வினாக்களிலும் இடமில்லை. பத்தாவது வினாவை எழுத நம்மவர் ஒருவர் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையால் கொலம்பியா சென்றார். 1916-இல் அங்கே அவர் படித்தளித்த ஆராய்ச்சிக் கட்டுரை, தம்மை வருத்திய சாதியைப் பற்றியதே. பின்னர் வைஸ்ராயின் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அவரே, வாரத்திற்கு 54 மணி என்றிருந்த ஆலை வேலையை 48 ஆக்கும் திருத்த மசோதாவை 1946-இல் கொண்டுவந்தார். நம் மாநிலத்தில் 12 மணி நேர வேலைக்கு இடம்தரும் மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே நாளில் திரும்பப் பெற்றதாக அறிவிக்கப்பட்டதையும் இதனோடு நினைத்துப் பாருங்கள்.

பணியை ஏற்குமுன் சில கேள்விகளை நீங்களே கேட்க வேண்டும். பணம் தருவது யார்? ஆலை நிர்வாகமே தருமாயின், ‘இவளை எவ்வாறு விடுப்பின்றி வரவழைப்பது’ என்பதே ஆராய்ச்சியின் வினாவாகிவிடலாம். நமக்குரிய வினா, ‘இவ்வேலையில் எது இவளை வாட்டுகிறது’ என்பது. அறநெறிக் குழுவின் ஒப்புதல் உண்டா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதனை வலியுறுத்துகின்றன. பேசுபவரின் பெயரும் ஊழியர் எண்ணும் எவர் கைக்குச் செல்லும்? உறக்கம் வரவில்லை என்று நம்மிடம் சொன்ன ஒப்பந்தத் தொழிலாளி அதனாலேயே வேலையை இழந்தால், அந்த ஆராய்ச்சி நடவாதிருப்பதே மேல். அறிக்கையைத் தமிழில் எழுதி அத்தொழிலாளரிடமே படித்துக் காட்ட அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். இதற்கு விடையளிக்கத் தயங்கும் நிறுவனத்தை எழுத்தில் தருமாறு வற்புறுத்துங்கள்.

ஆராய்பவர் மருத்துவர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. துயரம் மிகுந்தவரைக் கண்டால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணைக் கொடுத்து, தேவையானால் அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

இவ்வுதவித்தொகைகளுக்கான விண்ணப்பங்களில், ‘ஏன் இவ்வாராய்ச்சியை மேற்கொள்ள விரும்புகிறீர்?’ என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்பது வழக்கம். நம்மவர் பலர் அங்கேதான் பின்தங்குகின்றனர். அக்கட்டுரையை முதலில் தமிழில் எழுதி எம்மிடம் கொண்டு வாருங்கள். ஞாயிறு காலையில் சங்க நூலகத்தில் இருப்போம்; உடனிருந்து ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறோம். இரவு ஷிப்டு முடித்து வருவோர் சற்றுத் தாமதமாக வந்தாலும் காத்திருப்போம்.